மைப் புருவமும் சிவப்பு வெளிச்சமும்

நன்றி சொல்லித் தொடங்கும்படி வார்ட்டுப் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். நன்றி. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை ஓய்வூதிய அலுவலாகக் கல்முனை ஆஸ்பத்திரிக்கு வந்தவள், பழைய பழக்கத்தில் குழந்தைகள் வார்ட்டையும் எட்டிப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வந்த தாதிப் பிள்ளைகள் நாலைந்து பேர் மேசையைச் சுற்றி நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கட்டில்களுக்கு முதுகு. மூலைக் கட்டிலில் ஒரு குழந்தை வீல் வீலென்று கத்துகிறது. உங்களில் ஒருத்தி திரும்பாமலே சொல்கிறாள்: "பச்சைதானே இரிக்கி, பசியாயிரிக்கும்." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். ஓய்வு பெற்றவளுக்குக் கத்த அதிகாரம் இல்லை. கண்டீனில் போய் ஒரு தேத்தண்ணி குடித்தேன். அப்படியும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தத் திரையில் பச்சை காட்டுகிற பெட்டி இந்த வார்ட்டுக்குச் சோதனைக்கு வந்தபோது பொறுப்பில் இருந்தவள் நான்தான். கட்டிலுக்கு மேலே ஒரு சின்னக் கெமரா. அது குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். புருவம் சுருங்குகிறதா, கண்ணை இறுக்கி மூடுகிறதா, மூக்கின் பக்கத்துக் கோடு ஆழமாகிறதா, வாய் எப்படி விரிகிறது என்று கணக்குப் பார்த்து, குழந்தைக்கு நோவு இல்லை என்றால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், நோவு என்றால் சிவப்பு எரியும். வாய் திறந்து சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இது பெரிய உதவி என்று கூட்டம் வைத்துச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். எத்தனை பிள்ளைகளின் நோவைப் பசி என்று நினைத்துப் பால் கொடுக்கச் சொல்லியிருப்போம்! அதெல்லாம் எனக்குத் தெரியாததா?

பெட்டியோடு வந்த இஞ்சினியர்ப் பொடியன் றிஸ்வான். பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே ஆராய்ச்சி செய்கிறவன். ஊர் சாய்ந்தமருதுதான், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நல்ல பிள்ளை. ஆனால் எதைக் கேட்டாலும் முதலில் பெட்டிக்காக வாதாடுவான். வந்த புதிதில் ஒரு குழந்தை மலம் கழிக்க முக்கியது. முகமெல்லாம் சிவந்து, கண்ணை இறுக்கி, வாயைக் கோணி... பெட்டியும் சிவப்பு எரிந்து 'டீங் டீங்' என்று கூப்பாடு போட்டது. நாங்கள் மூன்று பேர் ஓடிப்போய் நிற்கிறோம். பிள்ளை வேலையை முடித்துவிட்டுச் சிரிக்கிறது.

"தம்பி, உங்கட பொட்டிக்கு நோவுக்கும் கக்கூசுக்கும் வித்தியாசம் தெரியா" என்றேன்.

"அது படிச்சிட்டிருக்கி சிஸ்டர். போகப் போகப் பழகிரும்" என்றான்.

பழகியது பெட்டி இல்லை, நாங்கள்தான். எப்படிப் பழகினோம் என்பதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மை போடுவது உங்களுக்குத் தெரியும். பிறந்த பிள்ளையின் பூனை மயிர்ப் புருவத்தின் மேல், கல்யாணப் பெண்ணுக்குப் போடுவதுபோல வளைத்து வளைத்து ஒரு புருவம். நெற்றியில் ஒரு பொட்டு, கன்னத்தில் ஒரு பொட்டு. எல்லாம் கண்ணூறு படாமலிருக்க. தமிழ்ப் பிள்ளையா முஸ்லிம் பிள்ளையா என்ற பேச்சே இல்லை. மை விஷயத்தில் கல்முனை முழுக்க ஒரே கட்சி. பெட்டியோ எங்கேயோ வெளிநாட்டுப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துப் படித்த பெட்டி. அந்தப் பிள்ளைகளுக்குப் புருவம் இருக்கிறதா என்றே தேட வேண்டும். எங்கள் பிள்ளைகளின் கறுத்துத் தடித்த மைப் புருவத்தைக் கண்டதும் அது மிரண்டுபோனது. புருவம் நெரிந்திருக்கிறது, நோவு, சிவப்பு! பிள்ளை கைவிரலைச் சூப்பிக்கொண்டு நிம்மதியாக நித்திரை.

விசிட்டிங் நேரம் முடிந்தால் வார்ட்டு முழுக்கச் சிவப்பு. ஏனென்றால் விசிட்டிங்கில்தான் சனம் வரும். சனம் வந்தால் கண்ணூறு. கண்ணூறுக்கு மை. றிஸ்வான் வார்ட்டுக்குள் மையைத் தடை செய்யச் சொன்னான். நான் சுவரில் அறிவித்தல் ஒட்டினேன். தாய்மார் அதற்குக் கீழேயே இருந்து மை போட்டார்கள். "புள்ளைக்கிக் கண்ணூறு பட்டா நீங்களா பாக்குற?" என்று ஒரு உம்மா என் முகத்துக்கு நேரே கேட்டாள்.

கடைசியில் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். சிவப்பு எரிந்தால் பஞ்சில் எண்ணெய் தொட்டுப் புருவத்தைத் துடைப்பது. துடைத்ததும் பச்சை வரும். அவ்வளவுதான் வேலை. ஒவ்வொரு கட்டிலிலும் எண்ணெய்ப் போத்தலும் பஞ்சும் வைத்தோம். மணி அடித்தால் தாதிப் பிள்ளைகள் "மை அடிக்குது" என்று சொல்லிக்கொண்டு பஞ்சைத் தூக்குவார்கள். நோவு என்று சொல்வதற்காக ஆயிரம் பாடுபட்டுக் கொண்டுவந்த மணிக்கு நாங்கள் வைத்த பெயர் மை. இப்போது எழுதும்போது எனக்கு என்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருக்கிறது.

நஸீஹா என்று ஒரு தாய். மருதமுனையிலிருந்து வந்தவள், முதல் பிள்ளை. ஆண் குழந்தை, பிறந்து நாற்பது நாள் கழியவில்லை. சளி பிடித்து மூச்சு வாங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். நன்றாகத் தேறிவிட்டான். அடுத்த நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதென்று டொக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தில் பகல் விசிட்டிங்குக்கு நஸீஹாவின் மாமியார் வந்தா. வீட்டில் கைத்தறி போட்டிருக்கிற குடும்பம். பேரனுக்கென்று தன் கையாலே நெய்த துணி ஒன்றைக் கொண்டு வந்திருந்தா. பிஞ்சு மஞ்சள் நிறம், ஓரத்தில் சிவப்புக் கரை, கரைக்கு வெளியே தொங்கல் நூல். நானும் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு மெது. மாமி பிள்ளையை அந்தத் துணியில் கழுத்துவரை இறுக்கிச் சுற்றினா. அதே கையோடு மைக்கூட்டைத் திறந்து, சனத்தின் கண் படக்கூடாதென்று இரண்டு புருவத்தையும் வரைந்தா.

துணியும் மையும் ஒரே பையில் வந்தன. இதை மறக்காதீர்கள்.

விசிட்டிங் முடிகிற மணி அடித்துச் சனம் கலைந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கட்டிலில் சிவப்பு. பிள்ளையும் அழத் தொடங்கினான். சுகந்தி ஓடினாள். நற்பிட்டிமுனைப் பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும், ஓட்டமென்றால் ஓட்டம். பஞ்சைத் தொட்டாள், துடைத்தாள். சிவப்பு மஞ்சளுக்கு இறங்கியது. "பாத்தீங்களா சிஸ்டர், மைதான்" என்றாள். அந்த மஞ்சள்தான் எங்கள் கண்ணைக் கட்டியது. மை கொஞ்சம் கலக்கம் செய்ததும் உண்மைதானே. திரும்பி வந்து இருக்குமுன் மறுபடி சிவப்பு.

நஸீஹா பால் கொடுத்துப் பார்த்தாள். இரண்டு வாய் குடித்தான், உதறிவிட்டுக் கத்தினான். தோளில் போட்டு ஏப்பம் எடுத்தாள். கத்தினான். நான் போனேன். போய் என்ன செய்தேன்? தாயைப் பிடித்து ஏசினேன்.

"எத்தினதரம் சொல்ற புள்ள, மை போட வேணாமெண்டு? அறிவித்தல் ஒட்டினது அழகுக்கா?"

"நான் போடல்ல மிஸ்ஸி, மாமி போட்ட..." என்றாள். மாமி கட்டிலின் மறுபக்கம் நின்று, குற்றம் செய்த முகத்தோடு தலைத் துணியை இழுத்து விட்டுக்கொண்டா. பேரனை விட்டுப் போக மனமில்லாமல் மணி அடித்த பிறகும் நின்றுவிட்டா. நானும் பார்க்காததுபோல விட்டிருந்தேன்.

றிஸ்வானுக்கு அழைப்புப் போனது. வந்தவன் திரையில் பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "மடிப்புக்குள்ள மை மிஞ்சிரிக்கி சிஸ்டர். அந்தக் கறுப்பத்தான் சுருக்கமெண்டு எடுக்குது." சுகந்தி மறுபடி துடைத்தாள். எண்ணெய், பிறகு சுடுதண்ணீர், பிறகு எண்ணெய். பிள்ளையின் நெற்றி சிவந்து போயிற்று. சிவப்பு மாறவில்லை. "அப்ப வெளிச்சம்" என்றான். யன்னல் சீலையை இழுத்தோம். மாறவில்லை. கட்டிலை மற்றப் பக்கம் திருப்பினோம். மாறவில்லை. கெமராவின் கண்ணாடியைத் துடைத்தான். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கும் சொல்லியாயிற்று. பிள்ளை தொண்டை அடைக்க அடைக்க அழுகிறான். நாங்கள் மூன்று பேர், ஒருத்தி முகத்தைத் துடைக்க, ஒருத்தன் திரையைத் தட்ட, ஒருத்தி தாயை ஏச. அடேயப்பா, என்ன சுறுசுறுப்பு!

"சிஸ்டர், இந்தக் கட்டிலை மட்டும் இப்போதைக்கு ஓஃப் பண்ணி விடட்டா? மத்தப் புள்ளைகளும் ஒழும்பிட்டு" என்று றிஸ்வான் கேட்டான்.

"ஓம், நிப்பாட்டு. தலையிடியாப் போச்சு" என்றேன்.

நிறுத்தினான். சிவப்பு அணைந்தது, மணியும் நின்றது. அழுகை நிற்கவில்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு என்னவோ செய்தது. இனி மையைக் குற்றம் சொல்ல முடியாது, வெளிச்சத்தைச் சொல்ல முடியாது, பெட்டியையும் சொல்ல முடியாது. அது செத்துக் கிடக்கிறது. மிச்சம் இருப்பது பிள்ளையும் அவனுடைய அழுகையும்தான். நஸீஹா அதுவரை ஒரு சொல் எதிர்த்துப் பேசாதவள், எழும்பி நின்றாள். கண்ணீர் ஓடுகிறது, துடைக்கக்கூட இல்லை.

"மிஸ்ஸி, வந்த நேரத்திலேரிந்து நீங்க எல்லாரும் பொட்டியத்தான் பாக்குறீங்க. என்ட புள்ளயக் கொஞ்சம் பாருங்களன்!"

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் வராது? ஆனால் கை பிள்ளையிடம் போய்விட்டது. "விடுங்க எல்லாரும். சுகந்தி, முகத்த விடு. துணிய அவுக்கப் போறன்."

மாமி குறுக்கே வந்தா. "ஐயோ மிஸ்ஸி, காத்துப் படும்! இப்பதானே சளி விட்டிரிக்கி. அவுக்காதீங்க!"

"படட்டும் உம்மா."

அவிழ்த்தேன். தலையைத் தடவினேன், காதைப் பார்த்தேன், வயிற்றை அழுத்தினேன். வயிறு பஞ்சுபோல. கையை விரித்தேன். துணியின் கடைசிச் சுற்று காலில் இருந்தது. அதை இழுத்தபோது பிள்ளை போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வலது காலில் பெருவிரலுக்குப் பக்கத்து விரல், நாவற்பழ நிறம். வீங்கி மினுங்குகிறது. அதன் அடியில் கோடு ஒன்று, கத்தியால் கீறியதுபோல. கோட்டுக்குள் இருந்து சிவப்பு நூல் ஒன்று துணியின் கரைக்குப் போகிறது.

கரையின் தொங்கல் நூல். பிள்ளை உள்ளே உதைக்க உதைக்க, விரலில் மாட்டிச் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கிறது. இப்படித் தலைமயிர் சுற்றுவதும் உண்டு, நூல் சுற்றுவதும் உண்டு. நாங்கள் எல்லாரும் படித்ததுதான். படித்து என்ன? அத்தனை நேரமும் நாங்கள் பார்த்தது முகம், முகம், முகம்.

சுகந்தி நான் சொல்லாமலே டொக்டரிடம் ஓடிவிட்டாள். டொக்டர் பக்கத்து வார்ட்டிலிருந்து ஓடி வந்தார். நூல் தோலுக்குள் புதைந்திருந்தது. நான் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் வெட்டினார், இழுத்தார், "இன்னொரு சுத்து இரிக்கி" என்றார், அதையும் வெட்டினார். எடுத்து முடிந்ததும் நஸீஹா கேட்டாள்: "விரல் இரிக்குமா டொக்டர்?"

அவர் மழுப்பவில்லை. "இப்ப சொல்ல ஏலாம்மா. நிறம் திரும்பினா தப்பும். விடியப் பாப்பம்" என்றார்.

மாமி தரையில் இருந்துவிட்டா. அந்தத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, "என்ட நூல்... என்ட கையால நெய்த நூல்..." என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தா. நஸீஹா மாமியைத் தூக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுத களைப்பில் அப்படியே நித்திரையாகிவிட்டான்.

றிஸ்வான் தூணோரம் நின்றவன் மெல்ல வந்து சொன்னான்: "சிஸ்டர், பொட்டி சரியாத்தான் சொல்லியிரிக்கி."

எனக்கு விசர் பிடித்தது. "சரியாச் சொல்லி என்ன தம்பி? நேத்தும் சிவப்பு, முந்தாநாளும் சிவப்பு, கக்கூசுக்கும் சிவப்பு, மைக்கும் சிவப்பு. இண்டைக்கிச் சிவப்பச் சொன்னா ஆரு நம்புற?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "நாந்தானே ஓஃப் பண்ணின..."

"நான் சொல்லித்தானே பண்ணின. போய் அதப் போட்டுடு."

பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் கேட்பீர்கள், அப்படியானால் பெட்டியை நம்பவா, நம்பாமல் விடவா என்று. போன கிழமை பச்சையைப் பார்த்துப் பசி என்ற பிள்ளைக்கும், அன்றைக்குச் சிவப்பைப் பார்த்து மை என்ற எங்களுக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேரும் கட்டிலுக்குப் போகுமுன்னே பதிலைக் கையில் வைத்திருந்தோம். முகம் நோவு இருக்கிறதென்று சொல்லும். எங்கே என்று சொல்லாது. பெட்டி படித்தது முகத்தை மட்டும்தான், அதைக் குறை சொல்லி என்ன பயன்? எங்களுக்குக் கையும் காலும் வயிறும் முதுகும் படிப்பித்துத்தானே சம்பளம் தருகிறார்கள். துணியை அவிழ்க்க எவ்வளவு நேரம் போகும்? யன்னல் சீலையை இழுத்த நேரம்கூட ஆகாது. அதைத்தான் நினைக்க நினைக்க எனக்கு எரிகிறது.

இன்னொன்று. ஒரு மணிக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டால் பிறகு அந்த மணி உங்கள் காதில் விழாது. உங்கள் வார்ட்டில் இப்போது எந்தச் சத்தத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே யோசித்துப் பாருங்கள். இல்லையென்று சொல்லாதீர்கள், இருக்கும்.

அன்று கடமை முடிந்தும் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடியச் சுபஹு தொழுதுவிட்டு நேரே வார்ட்டுக்கு வந்தேன். நஸீஹா விழித்திருந்தாள். பிள்ளையின் காலைத் தூக்கிக் காட்டினாள். விரல் சிவந்திருந்தது. நாவற்பழ நிறம் போய், தோல் உரிந்து, அசிங்கமாக வீங்கி, ஆனால் சிவப்பு. உயிருள்ள சிவப்பு. டொக்டர் நுனியை அழுத்தி விட்டார், வெளுத்து மறுபடி நிறம் வந்தது. "தப்பிட்டு" என்றார். "கொஞ்சம் பிந்தியிருந்தா விரல் போயிரிக்கும்." அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்ன சத்தத்துக்கு மூலைக் கட்டில் பிள்ளை விழித்துக்கொண்டது.

காயம் ஆறும்வரை இன்னும் சில நாள் வைத்திருந்தோம். துண்டு வெட்டிய நாளில் மாமி வந்தா. வெறுங்கை. மைக்கூடு இல்லை, துணி இல்லை. கட்டிலுக்குக் கிட்ட வராமல் கதவடியில் நின்றா. நஸீஹாதான் தன் பைக்குள்ளிருந்து அந்தப் பிஞ்சு மஞ்சள் துணியை எடுத்தாள். தொங்கல் நூலெல்லாம் ஒட்ட வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்திருந்தாள். கட்டிலிலேயே இருந்து தைத்திருக்கிறாள். "வாங்க மாமி, நீங்களே சுத்துங்க. கால மட்டும் வெளிய விடுங்க" என்றாள். மாமி அழுதுகொண்டே சுற்றினா.

பிள்ளை மொட்டை நெற்றியோடு கிடந்தான். நாங்கள் தேய்த்த தேய்ப்பில் பூனை மயிர்ப் புருவமும் பாதி போயிருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் தாயிடம் மைக்கூட்டை வாங்கி, நானே இரண்டு புருவம் வரைந்தேன். கன்னத்தில் ஒரு பொட்டும் வைத்தேன். மாமி வாயைப் பொத்திக்கொண்டா. றிஸ்வான் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது.

பெட்டி பேசாமல் இருக்குமா? உடனே சிவப்பு. 'டீங் டீங்.'

சுகந்தி ஓடி வந்தாள். எண்ணெய்ப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது, அவள் அதைத் தொடவில்லை. கட்டிலில் குனிந்து, மாமி இப்போதுதான் சுற்றி முடித்த துணியை முழுக்க அவிழ்த்தாள். தலை, காது, கழுத்து, கை, வயிறு, முதுகு, கால். விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ஒரு விரலின் அடியில் மெல்லிய வளையமாகத் தழும்பு. வேறொன்றும் இல்லை. பிள்ளை நித்திரை.

"ஒண்டும் இல்ல சிஸ்டர், மைதான்" என்றாள்.

"இப்ப சொல்லு, கேக்குறன்" என்றேன்.